கேட்லியா ஆர்க்கிட்: எப்போது தொட்டி மாற்றுவது, எப்போது மரத்தில் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் மாடியில் ஷேட் நெட் போட்டு கேட்லியா வளர்க்கிறேன். பூ பார்க்க வருகிறவர்கள், கன்று வாங்கி வைத்திருக்கும் நண்பர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: "இதை எப்போ தொட்டி மாத்தணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கேட்லியாவை எந்த மாதத்தில் தொட்டி மாற்ற வேண்டும்?

மாதத்தைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். புதுக் குமிழின் அடியில் புது வேர் எட்டிப் பார்க்கிற வாரம்தான் சரியான நேரம். அது ஜூனில் வரலாம், செப்டம்பரில் வரலாம், ஒரே நாளில் வாங்கிய இரண்டு செடிகளில் வேறு வேறு மாதத்திலும் வரலாம். என் மாடியில் பெரும்பாலான கலப்பின ரகங்கள் கோடை மழைக்குப் பிறகு, வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் வேர் விடுகின்றன. சில செடிகள் ஐப்பசி மழையில் விடும். உங்கள் வீட்டில் கணக்கு வேறாக இருக்கும்.

புது வேர் வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் செடி வளரும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்லியா மேல்நோக்கி ஒரே தண்டாக வளர்வதில்லை. மீடியாவின் (தொட்டியில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் கரி, மட்டைத் துண்டு போன்றவை) மேல் படுத்தவாறு ஒரு தடித்த தண்டு நகர்ந்துகொண்டே போகும். அதை ரைசோம் என்பார்கள். அதிலிருந்து வரிசையாகக் குமிழ்கள் நிமிர்ந்து நிற்கும். செடி தண்ணீரையும் உணவையும் சேர்த்து வைப்பது இந்தக் குமிழ்களில்தான். பின்னால் இருப்பது பழைய குமிழ், முன்னால் இருப்பது புதியது. நீங்கள் பார்க்க வேண்டியது முன்னால் உள்ளதை.

அதன் அடியில், வெங்காயத் தோல் மாதிரி காய்ந்த உறை ஒன்று சுற்றியிருக்கும். காலையில் நல்ல வெளிச்சத்தில் அதை நகத்தால் மெல்ல விலக்குங்கள். இழுத்துக் கிழிக்க வேண்டாம். வேர் வரப் போகிற இடத்தில் முதலில் தோல் லேசாகப் புடைக்கும், வியர்க்குரு மாதிரி. நாலைந்து நாளில் அந்தப் புடைப்பு வெடித்து, கடுகளவு பச்சை முனை தெரியும். சில ரகங்களில் முனை சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அது பச்சைப்பயறு அளவுக்கு வந்து, பின்பக்கம் வெள்ளையாகவும் நுனி மட்டும் ஈரமாக மினுமினுப்பாகவும் இருக்கும். தொட்டியும் மீடியாவும் தயாராக இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம்.

உறையை விலக்கும்போது உள்ளே வெள்ளையாகவோ பழுப்பாகவோ செதில் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அவை ஒளிந்துகொள்கிற இடமே அதுதான்.

வேர் எவ்வளவு நீளம் வரும் வரை காத்திருக்கலாம்?

அரை அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். புது வேரின் நுனி, பிஞ்சு வெண்டைக்காயின் முனை மாதிரி சின்ன இடி பட்டாலே ஒடிந்துவிடும். ஓர் அங்குலம் வளர்ந்த நிலையில் ஒடிந்த வேர் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. மூன்று நான்கு அங்குலம் போன வேர் ஒடிந்தால் பின்னாலிருந்து கிளை விடும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

அதனால், "நிறைய வேர் வந்துவிட்டது, இப்போது மாற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்" என்று நினைப்பது தவறு. வேர்கள் நீளமாக ஓடிக்கொண்டிருக்கும் செடியைக் கலைப்பதுதான் ஆபத்து.

பழைய வேர்கள் நிறைய இருக்கின்றனவே, அவை போதாதா?

ஒரு குமிழ் தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு முறைதான் நன்றாக வேர் விடுகிறது. அந்த அலை முடிந்துவிட்டால், அடுத்த வேருக்கு அடுத்த குமிழ் வளர வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

பழைய வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறைத் திசு இருக்கிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் வெலாமன் என்று படித்திருப்போம். தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். அந்த வேர்கள் தொட்டியின் சுவரிலும் கரித்துண்டிலும் ஒட்டிப் பிடித்து வளர்ந்தவை. பிய்த்து எடுக்கும்போது அந்த உறை உரிந்துவிடும், பாதி வேர் வீணாகும். ஆக, வேர் அலை முடிந்த பிறகு தொட்டி மாற்றினால், இருந்த வேரும் போய், புது வேரும் இல்லாமல், செடி மாதக்கணக்கில் குமிழில் சேர்த்து வைத்ததைத் தின்றே உயிர் வாழ வேண்டும். புது வேர் வரும் நேரத்தில் மாற்றினால் பழையவை கெட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் புதியவை வேலையை எடுத்துக்கொள்ளும்.

சரி, வேர் வருகிறது. ஆனால் தொட்டி மாற்றியே ஆக வேண்டுமா?

வேர் வருவது, "இப்போது மாற்றினால் தாங்கும்" என்பதற்கு அடையாளம். மாற்ற வேண்டுமா என்பது தனிக் கேள்வி. நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள்.

முதலாவது, இடம். முன்குமிழ் தொட்டி விளிம்பைத் தாண்டிவிட்டதா? அடுத்த குமிழ் அந்தரத்தில்தான் நிற்கும் என்றால் மாற்ற வேண்டும். ஒரு குமிழ் வெளியே போய் அதன் வேர்கள் காற்றில் தொங்குவதால் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு மூன்று குமிழ்கள் அப்படிப் போய்விட்டால் பிறகு தொட்டிக்குள் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

இரண்டாவது, மீடியாவின் நிலை. இதுதான் முக்கியம். ஒரு குச்சியைத் தொட்டியின் ஓரத்தில் உள்ளே விட்டு எடுங்கள். நல்ல மீடியாவில் குச்சி கரகரவென்று தட்டித் தட்டி இறங்கும். கெட்டுப்போனதில் சேற்றில் இறங்குவது மாதிரி மெத்தென்று போகும். குச்சியை முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை என்றால் பரவாயில்லை, சாக்கடை நாற்றம் என்றால் மாற்றுங்கள். மரப்பட்டை மீடியா இரண்டு மூன்று வருடம் தாங்கும். தேங்காய் மட்டைத் துண்டு நம் ஊர் மழைக்கு அதைவிட முன்னாலேயே நொந்துவிடும். கரியும் ஓட்டுச் சில்லும் மக்குவதில்லை, ஆனால் கரியில் உர உப்பு தங்கிவிடும்.

வேர்கள் தொட்டிக்கு வெளியே வழிந்து நிற்பதை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம். கேட்லியாவுக்கு அது இயல்பு.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, ஆடியில் மாற்றலாமா?

வேர் இருந்தால் ஆடியில் தாராளமாக மாற்றலாம். ஆனால் பழமொழி விதைக்குச் சொன்னது. கோவையில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் புதிதாக நட்ட செடி ஆடிக்கொண்டே இருக்கும், அது வேர் நுனிக்கு நல்லதில்லை. குச்சி வைத்து இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

மொட்டு வைத்திருக்கும் செடியை மாற்றலாமா?

வேண்டாம். பூ முடியட்டும். பூ உதிர்ந்தவுடன் வேர் வருகிறதா என்று கவனியுங்கள். சில ரகங்கள் பூத்து முடித்ததும் வேர் விடும், சில ரகங்கள் புதுத் தளிர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் விடும், சிலவற்றில் குமிழ் முற்றிய பிறகே வரும். ஒரு நோட்டில் செடியின் பெயர் எழுதி, தளிர் வந்த நாள், வேர் வந்த நாள், பூத்த நாள் மூன்றையும் ஒரு வருடம் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

புது வேர் இல்லை, ஆனால் மீடியா அழுகிவிட்டது. காத்திருக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. அழுகிய மீடியா, எறும்புப் புற்று, நத்தை, வேர் கறுத்துப் போவது, இவற்றுக்கெல்லாம் நேரம் பார்க்க முடியாது. உடனே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

நர்சரியிலிருந்து வந்த செடிகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு முறை நான் வாங்கிய செடி மேலே பார்க்க அழகாகக் கரித்துண்டு போட்டு இருந்தது. இரண்டு மாதத்தில் இலை தளர்ந்தது. கவிழ்த்துப் பார்த்தால், வேர்க்கட்டின் நடுவில், கன்றாக இருந்தபோது வேரைச் சுற்றி வைத்த பாசி (மாஸ்) உருண்டை அப்படியே இருந்தது. கையில் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். அதைச் சுற்றியிருந்த வேர் எல்லாம் அழுகி, உறை கழன்று, நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் மிச்சம். அதிலிருந்து, எந்தச் செடி வீட்டுக்கு வந்தாலும் நடுவில் விரலை விட்டுப் பார்க்கிறேன்.

வேர் இல்லாத நேரத்தில் இப்படி மாற்ற நேர்ந்தால், அழுகியதை மட்டும் வெட்டிவிட்டு, கெட்டியான வேர் எதையும் தொடாமல், பெரிய கரித்துண்டில் தளர்வாக வையுங்கள். நல்ல நிழல், ஈரக் காற்று, குறைந்த தண்ணீர். அடுத்த தளிர் வந்து வேர் விடும் வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

மீடியா நன்றாக இருக்கிறது, இடம்தான் போதவில்லை என்றால் வேறு வழி உண்டு. செடியைக் கலைக்காமல் அப்படியே எடுத்துப் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் புது மீடியாவை நிரப்பிவிடலாம். இதற்கு எந்த நேரமும் சரி.

சின்னக் கன்றுகளுக்கும் இதே விதிதானா?

இல்லை. திசு வளர்ப்புக் கன்றுகள் ஏறக்குறைய எப்போதும் வேர் விட்டுக்கொண்டே இருக்கும். பூக்கும் பருவம் வராத கன்றை, கடும் வெயில் காலம் தவிர எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

தோட்டத்து மண்ணில் வைத்தால் என்ன?

செத்துப்போகும். கேட்லியா தொற்றுத்தாவரம். பிரேசில், கொலம்பியா, வெனிசுலா நாட்டுக் காடுகளில் மரக்கிளையிலும் சில இடங்களில் பாறையிலும் ஒட்டி வளர்வது. நனைந்து, பிறகு காய்வதுதான் அதன் வேருக்குப் பழக்கம். 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கேட்லி என்பவரின் கண்ணாடி வீட்டில், பிரேசிலிலிருந்து போன செடி ஒன்று பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அவர் பெயரையே இந்த இனத்துக்கு வைத்தார். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் பலர் வெப்பமண்டல ஆர்க்கிட் என்றாலே காற்று நுழையாத, ஆவி பறக்கும் வீட்டில் மண்ணில் நட்டு, ஏராளமான செடிகளைக் கொன்றார்கள். காற்றோட்டம் வேண்டும் என்று புரிந்துகொள்ள அவர்களுக்குப் பல வருடங்கள் ஆயின. நாம் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

எந்தத் தொட்டி, என்ன மீடியா?

பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண் தொட்டி. அடுத்த இரண்டு குமிழுக்கு இடம் இருந்தால் போதும், அதைவிடப் பெரிதாக வேண்டாம். பெரிய தொட்டியின் நடுப்பகுதி காய்வதே இல்லை.

மீடியாவுக்கு நான் போடுவது அடுப்புக்கரி பாதிக்கு மேல், மீதி ஓட்டுச் சில்லும் கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டும். துண்டுகள் நெல்லிக்காய் அளவு. மட்டையைச் சும்மா போடக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையாக இருந்தால் வேர் நுனி கருகும். ஒரு வாரம் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, டீ நிறம் இறங்குவது நின்ற பிறகு பயன்படுத்துங்கள். கடலோரத்தில், ஈரக் காற்று இருக்கும் சென்னை, நாகர்கோவில் பக்கம் மட்டையே இல்லாமல் வெறும் கரியிலும் ஓட்டிலும் வளர்க்கலாம்.

தொட்டிக்குப் பதில் மரத்துண்டில் கட்டலாமா? எப்போது?

கட்டலாம், அதற்கும் நேரம் அதே நேரம்தான். இன்னும் கண்டிப்பாக என்றுகூடச் சொல்வேன். தொட்டியில் வைத்த செடிக்குப் பழைய வேரைச் சுற்றிக் கொஞ்சம் ஈரமாவது இருக்கும். மரத்துண்டில் அதுவும் இல்லை. கடுகளவு முனை தெரியும்போது கட்டினால், வேர் நேராக மரப்பட்டையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். நீண்ட வேரோடு கட்டினால் அந்த வேர்கள் மரத்தை விட்டு விலகியே நிற்கும், ஒட்டாது.

கட்டுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: தினமும் தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறதா? கோடையில் காலை மாலை இரண்டு வேளையும் தெளிக்க வேண்டும். நாலு நாள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அது முடியாது என்றால் தொட்டியே நல்லது.

துண்டுக்குத் தேக்கு, பலா மாதிரி சீக்கிரம் உளுக்காத மரம் நல்லது. பட்டை சொரசொரப்பாக, உரியாமல் இருக்க வேண்டும். கொய்யா, யூகலிப்டஸ் மாதிரி பட்டை உரிக்கும் மரம் வேண்டாம். பட்டையோடு சேர்ந்து செடியும் கழன்று வரும். பெயின்ட், வார்னிஷ் அடித்த பலகையும் வேண்டாம். தேங்காய் மட்டையில் கட்டுவது சுலபம்தான், ஆனால் அது ஒன்றிரண்டு மழைக்காலத்தில் நொந்து, செடி நன்றாக ஒட்டிய நேரத்தில் திரும்ப மாற்ற வேண்டி வரும்.

கட்டுவதற்கு மீன் தூண்டில் நரம்பு சரியாக இருக்கும். பழைய நைலான் சாக்ஸைப் பட்டை பட்டையாகக் கிழித்தும் கட்டலாம், அது வேரை வெட்டாது. வாழைநாரில் கட்டினால் செடி ஒட்டுவதற்குள் மழையில் நார் அறுந்துவிடும். செம்புக் கம்பி கூடவே கூடாது. ரைசோம் மரத்தோடு ஒட்டிப் படுக்க வேண்டும், முன்குமிழ் மேல்நோக்கிப் போக இடம் விடுங்கள். ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது.

வீட்டு மாமரத்தில் நேரடியாகக் கட்டினால்?

மாமரப் பட்டை கேட்லியாவுக்கு நன்றாகப் பிடிக்கும். காலை வெயில் வடிகட்டி விழுகிற பக்கம் பார்த்து, கண் மட்டத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். மாம்பூவுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வழக்கம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இரவுக் குளிர் கடுமையான ஊர்களில் வெளியே கட்ட வேண்டாம்.

எல்லா கேட்லியாவும் ஒரே மாதிரிதானா?

இல்லை. குமிழுக்கு ஒற்றை இலை விடும் ரகங்களும், அவற்றிலிருந்து வந்த பெரும்பாலான கலப்பினங்களும் கொஞ்சம் தப்பு செய்தாலும் மன்னிக்கும். குமிழுக்கு இரண்டு இலை விடும் ரகங்கள் மன்னிக்காது. கேட்லியா அக்லாண்டியே, ஷில்லெரியானா இரண்டையும் வேர் நுனியைப் பார்க்காமல் தொடவே கூடாது. வாக்கெரியானா மத்திய பிரேசிலில் நீண்ட வறட்சிக் காலம் உள்ள பகுதியில் மரத்திலும் பாறையிலும் வளர்வது. குமிழுக்குப் பெரும்பாலும் ஒரே இலைதான் விடும், ஆனாலும் பிடிவாதத்தில் இவற்றோடுதான் சேர்க்க வேண்டும். இவற்றுக்குத் தொட்டியைவிட மரத்துண்டுதான் பொருந்துகிறது.

அக்லாண்டியே ஒன்றை நான் இழந்திருக்கிறேன். மார்கழி விடுமுறையில் கையில் நேரம் இருந்தது, தொட்டி பழையதாக இருந்தது, மாற்றிவிட்டேன். வேர் முனை எதுவும் இல்லை என்று தெரிந்தேதான் செய்தேன். பங்குனி வரை ஒரு வேரும் வரவில்லை. விரல் தடிமன் இருந்த குமிழ்கள் ஒவ்வொன்றாகச் சுருக்கம் விழுந்து, சித்திரை வெயிலில் முன்தளிர் கருகியது. ஆறு வருடச் செடி. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

பெரிய செடியைப் பிரிக்கலாமா?

ஒவ்வொரு பங்கிலும் மூன்று, நான்கு குமிழாவது இருந்தால் பிரிக்கலாம். அதற்குக் குறைந்தால் திரும்பப் பூக்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். நிதானமான வழி ஒன்று உண்டு: பிரிக்க நினைக்கும் இடத்தில் ரைசோமை மட்டும் சில மாதம் முன்பே வெட்டிவிட்டு, தொட்டியில் அப்படியே விட்டுவிடுவது. பின்பக்கத்துக் குமிழில் உறங்கும் கண் விழித்துத் தளிர் விடும். அதுவும் வேர் விடும்போது தனியாக எடுக்கலாம்.

கத்தியைச் சுத்தம் செய்வது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். சிம்பிடியம் மொசைக், ஓடோன்டோகிளாசம் வளையப்புள்ளி என்ற இரண்டு வைரஸ்களும் வெட்டுக் கருவியில் ஒட்டும் சாறு வழியாகவே செடிக்குச் செடி பரவுகின்றன. வந்தால் மருந்து கிடையாது. செடிக்கு ஒரு புது பிளேடு, இல்லையென்றால் கத்தியை அடுப்புத் தீயில் நன்றாகக் காட்டி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். பழைய தொட்டியை அப்படியே வேறு செடிக்குப் போடவும் வேண்டாம்.

தொட்டியில் எப்படி வைக்க வேண்டும்?

எடுப்பதற்கு அரை மணி நேரம் முன் தொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால் வேர் சுவரை விட்டுக் கழலும். விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் தொட்டியை உடைத்து, அந்தச் சில்லோடு சேர்த்தே புதிய தொட்டியில் வையுங்கள். பழைய குமிழ் தொட்டியின் ஓரத்தில், முன்குமிழ் நடுவை நோக்கி. ரைசோம் மீடியாவின் மேலேயே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம், வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேரைக் காய வைத்துவிடும். பிறகு குச்சி வைத்துக் கட்டுங்கள். குமிழைப் பிடித்து லேசாகத் தூக்கினால் தொட்டியும் சேர்ந்து வர வேண்டும். அந்த அளவுக்கு இறுக்கம் இல்லையென்றால் காற்றடிக்கும்போதெல்லாம் வேர் நுனி கரியில் உரசித் தேயும்.

மாற்றிய பிறகு தண்ணீர், உரம்?

பத்து நாள் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். காலையில் இலை மேலும் மீடியாவின் மேற்பரப்பிலும் தெளித்தால் போதும். வழக்கத்தைவிடக் கூடுதல் நிழல். மழை நாளாக இருந்தால் கூரைக்கு அடியில் வையுங்கள். மரத்துண்டில் கட்டியதற்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தினமும் தெளிக்க வேண்டும். வேர் ஓர் அங்குலம் ஓடிய பிறகு 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு கலந்து தொடங்கலாம்.

குமிழ் சுருங்குகிறதே, பயப்பட வேண்டுமா?

பின்குமிழ்கள் கொஞ்சம் சுருங்கினால் பயம் வேண்டாம், சேமிப்பைச் செலவழிக்கின்றன. முன்குமிழும் சுருங்கினால் வேரைப் பாருங்கள். நுனி பச்சையாக, ஈரமாக ஓடிக்கொண்டிருந்தால் தெளிப்பதை அதிகப்படுத்துங்கள். நுனியும் வெள்ளையாக மூடிக்கொண்டிருந்தால் வேர் வளர்ச்சியை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஈரமான காற்றும் நிழலும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை மீடியாவுக்குள் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

மாற்றிய வருடமே பூக்குமா?

வேர் முனை பார்த்து மாற்றிய செடி பெரும்பாலும் ஒரு பருவம்கூடத் தவறாமல் பூக்கும். பிரித்த செடி ஒரு வருடம் விட்டுப் பூக்கலாம். இந்த ஜூனில் மாற்றிய ஊதா நிறக் கலப்பினம் ஒன்றில், புதுக் குமிழின் உச்சியில் பூவுறை வந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே அரிசி அளவில் இரண்டு நிழல் தெரிகிறது.